வயலில் விரிந்த பதினொரு விசிறிகள்

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டால்தான் மீதியை நம்புவீர்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் இலை நிற அட்டையைப் பையில் வைத்துக்கொண்டுதான் முதல் நாளே வயலுக்கு இறங்குகிறீர்கள். எனக்கு அது கையில் கிடைத்தபோது விவசாயப் போதனாசிரியராகப் பல வருடங்கள் கழிந்திருந்தன. நாலு பச்சைப் பட்டைகள் போட்ட ஒரு பிளாஸ்ரிக் துண்டு. நெல்லின் இளம் இலையை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து இலையில் ஆறு, மூன்றாம் பட்டையை விட வெளிறியிருந்தால் யூரியா போடலாம். இல்லாவிட்டால் பொறுக்க வேண்டும். இதில் பிழை விட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். முதல் போகத்திலேயே விட்டேன்.

வலிகாமத்தில் ஒரு வயல். காலை வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வெயிலைப் பார்த்தபடி நின்று, அட்டையையும் இலையையும் உயர்த்திப் பிடித்தேன். பத்து இலையும் வெளிறலாகத் தெரிந்தன. "போடுங்கோ" என்றேன். மனிதர் நம்பிப் போட்டார். இரண்டு கிழமையில் பயிர் கறுத்துக் கொழுத்தது. இலைகளை மடித்துக் கட்டும் புழு வந்து இறங்கியது. அந்தப் பயிர் வெளிறவே இல்லை. வெயிலின் மினுக்கத்தைத்தான் நான் வெளிறல் என்று எண்ணியிருந்தேன்.

கந்தோருக்குப் போய், எனக்கு மேலிருந்த உத்தியோகத்தரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அதிகம் கதைக்காதவர். கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "என்னட்டை ஏன் சொல்லுறீர்? முதல்ல வயல்காரனிட்டைப் போய்ச் சொல்லும். அவர் பேசுவார். பேச விடும். பிறகு இஞ்சை வாரும், எழுதுவம்."

போனேன். அரை மணித்தியாலம் ஏச்சு வாங்கினேன். என் படிப்பு, என் சம்பளம், என் ஸ்கூட்டர் என்று ஒன்றையும் அவர் விட்டுவைக்கவில்லை. களைத்துப்போய்த் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார்: "சரி, அப்ப உதை எப்பிடித்தான் பாக்கிறது?" வெயிலுக்கு முதுகைக் காட்டி, என் நிழலுக்குள் இலையைப் பிடித்துக் காட்டினேன். என்னிடமிருந்து அட்டையைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட முதல் விவசாயி அவர்தான். அதே நாளில்தான் நானும் அதைச் சரியாகக் கற்றேன்.

இனி, உங்களுக்குச் சொல்லவென்று நான் வைத்திருக்கும் கதைக்கு வருகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

அது நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய, மாரிமழையில் விதைக்கும் கடைசிக் காலபோகம். தென்மராட்சியில் ஒரு கிராமம். தவராசா அண்ணையின் வீடும் வயலும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் கிணறு. மகள் சுகந்தி மூன்று மாதக் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த ஊர்க் கிணறுகளிலிருந்து சோதனைக்கு எடுத்த தண்ணீரின் முடிவு வந்திருந்தது. தவராசா அண்ணையின் கிணற்றில் நைத்திரேற்று குடிக்கக்கூடிய அளவுக்கு மேலே நின்றது; கைக்குழந்தைக்கு அது ஆபத்து. சுகாதாரப் பகுதியார் ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் போனது வயலைப் பற்றிக் கதைக்க.

"கொதிக்க வைச்சுத்தான் மிஸ் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறன்," என்றாள் சுகந்தி.

"கொதிக்க வைச்சால் கிருமிதான் சாகும் பிள்ளை. உது கிருமியில்லை, உப்பு மாதிரி. தண்ணி வத்த வத்தக் கூடும்."

அவள் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். பிறகு அதை முற்றத்தில் கவிழ்த்து ஊற்றினாள். அன்றிலிருந்து தவராசா அண்ணை பிரதேச சபையின் தண்ணீர் வண்டியான பவுசர் வரும் சந்திக்குச் சைக்கிளில் போய், குழந்தைக்கென்று தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு வந்தார்.

நாம் இருப்பது சுண்ணக்கல்லின் மேல். நமக்கு ஆறு கிடையாது. மேலே போட்டது கீழே இறங்க அதிக நாள் எடுக்காது. இறங்கியதைத்தான் வாளியில் அள்ளிக் குடிக்கிறோம். பயிர் எடுக்காத யூரியாவில் ஒரு பங்கு கிணற்றுக்குப் போகும், இன்னொரு பங்கு காற்றோடு போய் வானத்தைச் சூடாக்கும். இதை நான் நூறு கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், கேட்டவர்கள் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். தவராசா அண்ணை கொட்டாவி விடவில்லை.

"என்ரை வயல்லை நான் எறிஞ்சதோ உது?" என்று கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருந்தால் வேலை லேசாக முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அது தெரியாது. "உங்கடையும் இருக்கும் அண்ணை. சுத்தவர இருக்கிற வெங்காயத் தோட்டங்களின்ரையும் இருக்கும். மலசலகூடக் குழியளின்ரையும் இருக்கும். எது எவ்வளவு எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "மற்றவையின்ரை பங்கை விடுங்கோ. என்ரை பங்கைக் குறைக்க வழி சொல்லுங்கோ."

அப்படித்தான் அந்த எட்டுப் பரப்பு நிலமும் அட்டை சொன்னால் மட்டும் யூரியா போடும் வயலானது. சுகந்தி குழந்தையை இடுப்பில் வைத்தபடி கிழமைக்கு ஒருமுறை வரம்பில் இறங்கி, பத்து இலை பார்த்துக் கொப்பியில் எழுதினாள். ஊரில் எல்லோரும் இரண்டாம் முறை யூரியா எறிந்தபோது, அட்டை "பொறு" என்றது. தவராசா அண்ணை பொறுத்தார்.

இதைப் பொறுக்க முடியாமல் இருந்தவர் அடுத்த வயல்காரர் கனகலிங்கம். உயர்ந்த மனிதர், கணீரென்ற குரல். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே வரம்பு. ஒருநாள் அந்த வரம்பில் என்னை மறித்தார்.

"பசளை இல்லையெண்ட வருசம் எங்கடை பயிர் மஞ்சளிச்சுச் செத்துது. இப்ப பசளை வந்து மூட்டையிலை கிடக்கு. நீங்கள் போடாதேங்கோ எண்டுறியள். பயிருக்குச் சாப்பாடு மறிக்க ஆர் மிஸ் நீங்கள்?"

அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்திய அந்த வருடம் உங்களில் பலருக்கு ஒரு செய்தி. இவர்களுக்கு அது வயிறு. ஆகவே நான் வாதாடவில்லை. "நானும் பயத்தோடைதான் நிக்கிறன் அண்ணை. ஆனா இலையைப் பாத்துத்தான் நிக்கிறன்," என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த கிழமைக்குள் தவராசா அண்ணையின் வயலுக்கு ஊரில் "பட்டினி வயல்" என்று பெயர் விழுந்துவிட்டது.

விவசாயத் திணைக்களம் அந்த வயலில் ஒரு வயல் விழா வைக்க முடிவெடுத்தது. மூன்று கிராமங்களிலிருந்து பஸ்ஸில் விவசாயிகள் வருவார்கள். மேலதிகாரி வந்து நாடா வெட்டுவார். அதற்கு முந்திய பத்து நாளும் நான் ஒரு பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். விழா அன்று வெள்ளன ஆறரைக்கே வயலில் நின்றேன்.

வடக்கு வரம்பைப் பார்த்ததும் அந்தப் பக்கம் விரைந்தேன்.

இளம்பச்சை வயலுக்குள், கனகலிங்கத்தின் வரம்பை ஒட்டி, கடும்பச்சை விசிறிகள். வரம்போரம் ஒடுங்கித் தொடங்கி, உள்ளே போகப் போக விரிந்தன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. எண்ணினேன், பதினொன்று. வயலில் கையால் உரம் எறிந்து பார்த்தவர்களுக்கு ஒரே பார்வையில் விளங்கும். யாரோ வரம்பில் நடந்து நடந்து, ஐந்தாறு எட்டுக்கு ஒருமுறை நின்று, பிடி பிடியாக யூரியா வீசியிருக்கிறார். விசிறிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இடக்கையால் எறிந்தால்தான் அப்படிச் சாயும். அந்த ஊரில் இடக்கையால் பசளை எறியும் ஒருவரை எனக்குத் தெரியும்.

தவராசா அண்ணை பின்னால் வந்து நின்றார். முகம் செத்திருந்தது. "முந்தநாள்தான் கண்டனான் மிஸ். உங்களுக்குச் சொல்லப் பயமாக் கிடந்தது. நான்தான் களவாப் போட்டனான் எண்டு நினைப்பியள்."

"நினைக்கேல்லை அண்ணை. நீங்கள் வலக்கை."

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் அடுத்த வயல் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். "இப்ப வேண்டாம்" என்று கையைக் காட்டி மறித்தேன்.

மேலதிகாரிக்குக் கைபேசியில் எடுத்துச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அனுபவசாலி. உடனேயே வழி சொன்னார்: "வடக்கு வரம்புக்கு ஆக்களை விடாதேங்கோ. தெற்காலை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவம். முக்கால்வாசி வயல் சரிதானே?"

சரிதான். முக்கால்வாசி வயல் அப்பழுக்கில்லாமல் நின்றது. தெற்கு வரம்பால் நடத்திக்கொண்டு போனால் ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது மணிக்குப் பஸ் வரும். நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து காத்திருந்த வயல் அது. மூன்று கிராமங்கள் பார்க்கப் போகும் வயல். யோசித்துக்கொண்டே வரம்பில் மேலும் கீழும் நடந்தேன். செருப்பு சேற்றில் புதைந்து கழன்றது. அதைக் குனிந்து எடுக்கும்போது, விசிறிக்குள் இருந்த இலையும் வெளியில் இருந்த இலையும் கண்ணுக்கு நேரே, அருகருகே நின்றன. ஒரே விதை, ஒரே மண், ஒரே மழை. யூரியா மட்டும் வேறு.

இப்படி ஒரு ஒப்பீட்டை நானே திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு அழகாக வந்திராது!

நிமிர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "சுகந்தி! தடியள் இருந்தால் கொண்டு வா பிள்ளை!" என்று கத்தினேன். அவள் குழந்தையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் பூவரசந்தடிகளோடு ஓடி வந்தாள். நாடா வெட்டுவதற்கு வாங்கிவைத்திருந்த சிவப்பு நாடாவைத் துண்டு துண்டாக வெட்டினேன். விசிறிக்கு மூன்று தடியாக ஊன்றி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டினோம். பஸ் வந்து நின்றபோது இருவரும் முழங்கால்வரை சேறு. வெட்ட நாடா இல்லை. மேலதிகாரி கத்தரிக்கோலோடு என்னைப் பார்த்தார். நான் அவரையும் சேர்த்தே வடக்கு வரம்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"இந்த வயலைப் பழுதில்லாமல் காட்டுறதெண்டுதான் உங்களைக் கூப்பிட்டனாங்கள்," என்று தொடங்கினேன். "பழுது வந்திட்டுது. இந்தச் சிவப்புத் துண்டுகளுக்கு உள்ளை இருக்கிற பயிருக்கு ஆரோ யூரியா போட்டிருக்கினம். ஆரெண்டு நான் கேக்கப்போறதில்லை. கெடுக்கவேணும் எண்டு வந்த ஆள் தன்ரை மூட்டையிலை இருந்து அள்ளி எறிஞ்சிருக்கமாட்டார். இந்தப் பயிரைப் பாத்து இரங்கின ஆள்தான் எறிஞ்சிருக்கிறார்."

கூட்டத்தில் சலசலப்பு. சிலர் சிரித்தார்கள். கனகலிங்கம் பின்னால் நின்றார். அவரைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டு, விசிறியைப் பார்த்தபடியே நின்றேன்.

"நான்தான்."

அந்தக் கணீர்க் குரலில் அன்று கணீர் இல்லை. "நான்தான் எறிஞ்சனான். விடிய எழும்பி வரம்புக்கு வந்தால் உது வெளிறி நிக்கும். அந்த வருசம் என்ரை பயிர் நிண்ட மாதிரியே நிக்கும். பசியிலை கிடக்கிற சீவனைப் பாத்துக்கொண்டு என்னெண்டு தேத்தண்ணி குடிக்கிறது? எனக்குக் கண் பொறுக்கேல்லை." தவராசா அண்ணையின் பக்கம் திரும்பினார். "கேட்டால் நீ விடமாட்டாய். அதுதான் கேக்கேல்லை."

காலையிலிருந்து ஏசக் காத்து நின்ற தவராசா அண்ணை, "உன்ரை பசளையை எனக்கு எறிஞ்சனியோடா?" என்று மட்டும் கேட்டார். ஊரே அந்த வருடத்துக்குப் பிறகு யூரியாவைப் பொன்போல எண்ணி வைத்திருந்த காலம் அது.

நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணை, பசியோ இல்லையோ எண்டு இலையிட்டையே கேப்பம். வாங்கோ."

அவர் கையில் அட்டையைக் கொடுத்தேன். வெயிலுக்கு முதுகு காட்டச் சொன்னேன். விசிறிக்கு வெளியே, அவர் பசி என்று நினைத்த பயிரில், பத்து இலை. அவரே உரக்கச் சொன்னார்: ஒன்று சரி, இரண்டு சரி, மூன்று வெளிறல். பத்து முடிய வெளிறல் மூன்றுதான். அவர் திரும்பவும் பத்து எடுத்தார். இம்முறை நாலு. கூட்டம் முழுக்க வரம்பில் நெருக்கியடித்தது. இரண்டு பேர் வயலுக்குள் வழுக்கி விழுந்தார்கள். மேலதிகாரி கத்தரிக்கோலை யாரிடமோ கொடுத்துவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு தானும் இறங்கினார்.

"பசியில்லை எண்டுதான் உது சொல்லுது," என்றார் கனகலிங்கம். "ஆனா அட்டை சொல்லுறது சரியோ எண்டு அறுவடையிலைதான் தெரியும் மிஸ்."

"ஓம். அதுவரைக்கும் ஒருத்தரும் இந்தத் தடியளைப் பிடுங்காதேங்கோ."

அதற்குப் பிறகு நடந்தது திருவிழா! எந்தப் பயிர் கூட விளையும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. விசிறிக் கட்சி, வெளிக் கட்சி. மூன்று கிராமங்களுக்கும் சேர்த்து யாரோ ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். காலையில் நல்லூர் வீட்டில் நான் தேத்தண்ணி போட முன்னமே படம் வந்துவிடும். மார்கழியில் விசிறிகள் உயர்ந்து, அடர்ந்து, பார்க்க ராசா மாதிரி நின்றன. விசிறிக் கட்சி கொண்டாடியது. நான் உள்ளுக்குள் நடுங்கினேன். அட்டை சொன்னது பிழையானால் தவராசா அண்ணையின் போகமும் போகும், என் சொல்லும் போகும். இடையில் ஒருமுறை பத்தில் ஏழு வெளிறலாக வந்தது. அன்று விசிறிகளை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் யூரியா போட்டார்கள். கனகலிங்கம் வரம்பில் நின்று அதைப் பார்த்துக் கையைத் தட்டினாராம். சுகந்தி சொன்னாள்.

பொங்கலுக்குச் சில நாள் முன்னம், கதிர் முற்றும் நேரத்தில், காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. விடிந்ததும் கைபேசி அலறியது.

"மிஸ்! விசிறியெல்லாம் படுத்திட்டுது!"

மழைக்கோட்டை மாட்டியது நினைவிருக்கிறது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது நினைவில் இல்லை. போய் இறங்கியபோது வரம்பில் பாதி ஊர் நின்றது. பதினொரு விசிறியும், அச்சில் வார்த்த மாதிரி, சிவப்புத் துண்டுகளுக்குள் தரையோடு படுத்துக் கிடந்தன. கொழுத்து வளர்ந்த தண்டுக்குக் கதிரைத் தாங்கப் பலம் இல்லை. வெளியில் நின்ற பயிர் சாய்ந்திருந்தது, சில இடத்தில் முறிந்தும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் பெரும்பகுதி நின்றது.

அறுவடையில் விசிறிக்குள் இருந்ததைத் தனியே வெட்டி அடித்தோம். பாதி சப்பி, மணி பிடிக்காத பதர். மற்றப் பகுதியில் முந்திய போகத்தை ஒத்த விளைச்சல், மூன்று முறை எறியும் யூரியாவை இரண்டு முறை எறிந்து. பெரிய அற்புதம் ஒன்றும் இல்லை. அதே நெல், குறைந்த யூரியா. எங்கள் தொழிலில் வெற்றி என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்துக் குதிக்கப் பழகிக்கொள்ளுங்கள். நான் அன்று களத்தில் குதித்தேன், ஐம்பத்தொன்பது வயதில்.

கிணறு? நேராகவே சொல்கிறேன். மாரி முடிந்து சோதித்தபோது அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. மழைத் தண்ணீர் கலந்ததால் இறங்கியதா, எங்களால் இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. குழந்தைக்குக் கொடுக்கும் அளவுக்கு இறங்கவில்லை. பவுசர்த் தண்ணீரில்தான் அது வளர்ந்தது. ஒரு வயல் ஒரு போகத்தில் திருந்தும், ஒரு கிணறு திருந்தாது. "உங்கள் கிணறு சரியாகிவிடும்" என்று ஒருவருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவரவர் பங்கைக் குறைக்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்த விழா அன்று தெற்கு வரம்பால் நான் கூட்டத்தை நடத்தியிருந்தால், ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். கனகலிங்கம் தன் குற்றத்தைத் தானே வைத்துக்கொண்டிருப்பார். அவர் கையில் அட்டை ஏறியே இருக்காது. அவர் பெயரை நான் சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது. இரண்டு மணித்தியாலத்துக்குள் இதையெல்லாம் நிறுத்துப் பார்த்தேன் என்று பெருமை அடிக்க ஆசைதான். உண்மையில் செருப்பு கழன்றதால்தான் குனிந்தேன். ஆனால் குனிந்தபோது கண்ணில் பட்டதைப் பயத்தில் மறைத்துவிட்டுத் தெற்கு வரம்புக்குப் போகவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் செருப்பு கழலும்.

நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த காலபோகம். ஒரு காலை, சந்தைக்குப் போகப் பையைத் தூக்கிய நேரம் கனகலிங்கம் கைபேசியில் எடுத்தார்.

"மிஸ், பத்து இலை பாத்தனான். அஞ்சு வெளிறல். போடவோ விடவோ?"

"பத்திலை ஆறு எண்டால்தானே அண்ணை போடுறது. நீங்கள் என்ன யோசிக்கிறியள்?"

"விடப்போறன். அடுத்த கிழமை திரும்பப் பாப்பன்."

"அதுதான் சரி. அது தெரிஞ்சுகொண்டு ஏன் எனக்கு எடுத்தனீங்கள்?"

கைபேசியில் காற்று இரைவது கேட்டது. அவர் வரம்பில் நிற்கிறார் என்று விளங்கியது.

"பசளை மூட்டை பக்கத்திலை கிடக்கு மிஸ். போடாமல் நிக்கிறன். அதை ஆருக்கும் சொல்லவேணும் போலை கிடந்தது."

பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். "சொல்லுங்கோ அண்ணை," என்றேன். "நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."